டர்பனில் வேனை வீடாக்கிக் குடியிருக்க: முகவரியிலிருந்து கழிப்பறை வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து, வாடகையும் முன்பணமும் சம்பளத்தை விழுங்குவதைப் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு பழைய வேனை வாங்கி அதிலேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இப்போது வேனில்தான் முழுநேரமும் குடியிருக்கிறேன். ஆரம்பிக்கும்போது கிடைத்த வீடியோக்கள் எல்லாம் ஐரோப்பா, அமெரிக்காக் கணக்கு. மரவேலையை அழகாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் இங்கே கவுண்டரில் எந்தப் படிவம் கேட்பார்கள், இரவில் எங்கே நிறுத்தினால் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள், கடற்காற்றில் தகரம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பதெல்லாம் அவற்றில் இருக்காது. அலைந்து, வரிசையில் நின்று, திருப்பி அனுப்பப்பட்டுத்தான் ஒவ்வொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே இரண்டு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: ஒரு முகவரி, இரவில் நிறுத்த ஓர் இடம். இந்த இரண்டும் இல்லாமல் வேன் வாங்கிய பலர் சில மாதங்களில் அதை விற்றுவிட்டு மறுபடியும் அறை தேடியதைப் பார்த்திருக்கிறேன். பலகையும் பெயின்ட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. முகவரியும் அடையாள எண்ணும்

வேனில் குடியிருந்தாலும் அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் உங்களுக்கு ஒரு நிலையான முகவரி வேண்டும். வண்டியைப் பதிய, முன்கண்ணாடியில் ஒட்டுகிற லைசன்ஸ் டிஸ்க் என்ற உரிமச் சீட்டை வருடா வருடம் புதுப்பிக்க, வங்கிக் கணக்கு தொடர என்று எல்லா இடத்திலும் முகவரிச் சான்று கேட்பார்கள். அதுவும் பெரும்பாலும் கடந்த மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். அபராத நோட்டீஸும் அந்த முகவரிக்குத்தான் போகும்.

உங்கள் பெயரில் தண்ணீர்-மின்சார பில் இல்லையென்றால், சொந்தக்காரர் அல்லது நண்பர் வீட்டு முகவரியைப் பயன்படுத்தலாம். அந்த வீட்டுக்காரர் பெயரில் உள்ள நகராட்சி பில், அவருடைய அடையாள அட்டை நகல், 'இவர் என் முகவரியில் இருக்கிறார்' என்று அவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம் ஆகிய மூன்றும் தேவை. உறுதிமொழிப் பத்திரத்துக்கும் நகல்களுக்கும் முத்திரை போட வக்கீலிடம் பணம் கொடுக்க வேண்டாம், எந்தப் போலீஸ் நிலையத்திலும் இலவசமாகப் போட்டுத் தருவார்கள். காலையில் சீக்கிரம் போங்கள். எல்லாவற்றிலும் இரண்டு மூன்று செட் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முத்திரை போட்ட நகலும் மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.

தென்னாப்பிரிக்க அடையாள அட்டை இல்லாமல் விசாவில் இருக்கிறவர்கள் இன்னொரு படி தாண்ட வேண்டும். வண்டியை உங்கள் பெயரில் பதிய முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர், அதாவது அடையாள எண்ணுக்குப் பதிலாகப் போக்குவரத்துத் துறை தருகிற எண், வாங்க வேண்டும். படிவத்தின் பெயர் ஏ.என்.ஆர். பாஸ்போர்ட், செல்லுபடியாகும் விசா, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் கேட்பார்கள். இது அன்றைக்கே கையில் வராது, சில வாரங்கள் ஆகலாம். அதனால்தான் சொல்கிறேன், வண்டி பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே இதைப் போட்டுவிடுங்கள். விற்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு எண்ணுக்காகக் காத்திருந்தால், நடுவில் பெயர்மாற்றக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஓட்டுநர் உரிமம்: ஊரில் எடுத்த உரிமம் ஆங்கிலத்தில், உங்கள் படமும் கையெழுத்தும் உள்ளதாக இருந்தால், தற்காலிக விசாவில் இருக்கும் வரை இங்கே ஓட்டலாம். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தவர்கள் ஒரு வருடத்துக்குள் இங்கத்திய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் கற்றுக்கொள்பவர் தேர்விலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

2. இரவில் எங்கே நிறுத்துவீர்கள்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடற்கரைச் சாலையோரத்தில் நிறுத்தி, அலைச் சத்தத்தில் தூங்கி எழுவது என்பது படத்தில்தான். இங்குள்ள நகராட்சிகளின் துணைச் சட்டங்கள் பொது இடத்தில் இரவு தங்குவதையும் முகாமிடுவதையும் பெரும்பாலும் தடை செய்கின்றன. கேப் டவுனில் 2007இல் வந்த துணைச் சட்டம் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் பொது இடத்தில் இரவு தங்கக் கூடாது என்கிறது. டர்பனிலும் கடற்கரை வாகன நிறுத்தங்களில் இரவு காவலர்கள் எழுப்பி அனுப்புவார்கள். சட்டம் ஒரு பக்கம், பாதுகாப்பு இன்னொரு பக்கம். இருட்டில் தனியாக நிற்கிற வேன் இந்த ஊரில் நல்ல யோசனை இல்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை, இங்கே வாழ்கிற எல்லோரும் கடைப்பிடிக்கிற சாதாரண ஜாக்கிரதை இது.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கேரவன் பார்க், அதாவது வாகன வீடுகளை நிறுத்தித் தங்கக் கட்டணத்துக்கு விடுகிற இடம். தென் கடற்கரையில் ஸ்காட்பர், வடக்கே சால்ட் ராக் போன்ற இடங்களில் வேலி, காவல், குளியலறை, மின் இணைப்பு எல்லாம் இருக்கும். நான் விசாரித்த இடங்களில் சீசன் இல்லாத நாட்களில் ஒரு இரவுக்கு 250 முதல் 500 ரேண்ட் வரை சொன்னார்கள். மாத வாடகை தனி, அதை விலைப்பட்டியலில் போட மாட்டார்கள், நேரில் போய்க் கேட்டால் நன்றாகவே குறையும். ஆனால் டிசம்பர் பள்ளி விடுமுறையும் ஈஸ்டரும் வந்தால் விலை ஏறும், இடமும் இருக்காது, மாத வாடகைக்காரரைக்கூட காலி செய்யச் சொல்வார்கள். டிசம்பருக்கு எங்கே போவீர்கள் என்பதை ஆகஸ்டிலேயே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ஒரு வீட்டு முற்றம். என் அனுபவத்தில் நம் ஆட்களுக்கு இதுதான் சரி. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், இசிப்பிங்கோ பக்கம் பல வீடுகளில் பின்னால் ஒரு அறை கட்டி வாடகைக்கு விடுவது வழக்கம். அதே மாதிரி, கேட்டுக்குள் ஒரு வண்டி நிற்கிற அளவு இடம் வைத்திருக்கிறவர்களும் உண்டு. நான் விளம்பரம் எதையும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை கோவிலில் பிரசாதம் பரிமாறிய இடத்தில் பேச்சுக் கொடுத்ததில்தான் ஒரு வயதான அம்மா, "எங்க வீட்டு பேக்யார்டு சும்மாதான் கிடக்கு தம்பி, வந்து பாரேன்" என்றார். மாதம் 1,500 முதல் 2,500 ரேண்ட் என்பது நியாயமான தொகை. தண்ணீருக்கும், ஒரு பிளக் மின்சாரத்துக்கும், வெளிக் கழிப்பறைக்கும் சேர்த்துப் பேசுங்கள். எந்த நேரத்துக்குள் உள்ளே வர வேண்டும், விருந்தாளி வரலாமா, கறி சமைக்கலாமா என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். பல வீடுகளில் புரட்டாசி மாதம் முழுவதும் அசைவம் கிடையாது, அதை மதிக்க வேண்டும். அந்த வீட்டு முகவரியையே முகவரிச் சான்றுக்குப் பயன்படுத்த ஒப்புக்கொண்டால் முதல் படியும் தீர்ந்தது.

மூன்றாவது, பயணத்தில் இருக்கும்போது: நெடுஞ்சாலையோரம் 24 மணி நேரமும் திறந்திருக்கிற பெரிய பெட்ரோல் நிலையங்கள். ஊழியரிடம் கேட்டுவிட்டு, வெளிச்சமான இடத்தில் ஓரிரவு. இது வழிப்போக்குக்கு மட்டும்தான், குடித்தனத்துக்கு ஆகாது.

3. எந்த வண்டி?

மொத்த எடை வரம்பு 3,500 கிலோவுக்குள் இருக்கிற வேனை மட்டும் பாருங்கள். கார் ஓட்டுகிற கோட் பி உரிமம் அந்த எடை வரைக்கும்தான். அதைத் தாண்டினால் கோட் சி1 வேண்டும், சரக்கு வண்டியாகப் பதிந்திருந்தால் வருடா வருடம் ரோட்வொர்த்தி என்கிற சாலைத் தகுதிச் சோதனையும் சேர்ந்துவிடும். கவனிக்க வேண்டியது வண்டியின் தற்போதைய எடை அல்ல, ஆட்களும் சாமானும் சேர்த்து அது தாங்க அனுமதிக்கப்பட்ட எடை. கதவோர உலோகத் தகட்டில் அச்சிட்டிருக்கும். பெரிய ஸ்பிரின்டர், கிராஃப்டர் வகைகளில் சில 3,500க்குள் வரும், சில வராது, பெயரை நம்பாமல் தகட்டைப் பாருங்கள்.

பேனல் வேன் என்றால் பின்பக்கம் ஜன்னலும் இருக்கையும் இல்லாத சரக்கு வேன். பட்ஜெட்காரர்களுக்கு டொயோட்டா குவான்டம் பேனல் வேன், ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர், ஹூண்டாய் எச்1 பேனல் வேன் மூன்றும் நல்ல தேர்வு. என் ஓட்டு குவான்டத்துக்கு. இந்த நாட்டின் மினிபஸ் டாக்சிகளில் பெரும்பாலானவை அதே வண்டிதான். அதனால் எந்தச் சிற்றூரில் நின்றாலும் உதிரிபாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். ஆனால் அதே காரணத்தால் திருடர்களுக்கும் அது பிடித்த வண்டி. வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டுகிற டிராக்கர் இல்லாமல் வைத்திருக்காதீர்கள். நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டு உயரக் கூரை வண்டி எடுத்தால் ஷாப்பிங் மால்களின் அடித்தள நிறுத்தங்களில் நுழைய முடியாது.

வாங்கும்போது மாட்டிக்கொள்கிற இடங்கள்:

கோட் என்ன என்று கேளுங்கள். இங்கே கோட் 1 புதிய வண்டி, கோட் 2 பயன்படுத்திய வண்டி, கோட் 3 என்றால் விபத்திலோ வேறு விதத்திலோ கழித்துக்கட்டப்பட்டு மறுபடி கட்டி எழுப்பப்பட்டது. 3ஏ உதிரிபாகத்துக்கு மட்டும், சாலைக்குத் திரும்ப முடியாது. கோட் 3 வேன் பார்க்கப் பளபளப்பாக, விலை ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும். இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம், விற்கப் போனாலும் பாதி விலை. கோட் 2 மட்டும் வாங்குங்கள்.

ஆர்.சி.1 என்கிற பதிவுச் சான்றிதழின் அசலைப் பாருங்கள். அதில் உரிமையாளர் என்று ஒரு பெயரும், டைட்டில் ஹோல்டர் என்று ஒரு பெயரும் இருக்கும். டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கி இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. விற்பவர் எவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தாலும், வங்கியின் கணக்குத் தீர்வுக் கடிதம் வராமல் பணம் கொடுக்காதீர்கள். சேசி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே டார்ச் அடித்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள்.

டாக்சியாக ஓடிய பேனல் வேனைத் தவிருங்கள். சரக்கு வேனில் ஜன்னல் வெட்டி, இருக்கை போட்டு டாக்சியாக்கிய வண்டிகள் இந்த நாட்டில் பெரிய பிரச்சினையாகி விசாரணை வரை போனது. அப்படி வெட்டிய உடல் பலவீனமாக இருக்கும், பெயர்மாற்றத்திலும் சிக்கும்.

கடைசியாக துரு. டர்பனிலேயே பிறந்து வளர்ந்த வேன் என்றால் கூரை மழைக்கால்வாய், கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, முன்கண்ணாடி ரப்பர் ஓரம் ஆகிய நான்கு இடத்திலும் விரலால் அழுத்திப் பாருங்கள். குமிழ் விட்ட பெயின்டுக்கு அடியில் ஓட்டைதான் இருக்கும். முடிந்தால் ஜொகானஸ்பர்க் பக்கத்து வண்டியை வாங்குங்கள், உப்புக் காற்று படாத தகரம் அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் மாகாணம் மாறினால் பதிவு எண் மாறும், புதிய நம்பர் பிளேட் செலவு உண்டு, என்3 நெடுஞ்சாலையில் ஓட்டிவர, டர்பனுக்குப் பக்கத்திலுள்ள மாரியன்ஹில் வரை டோல்களும் டீசலும் சேரும். அதையும் கூட்டித்தான் விலை பேச வேண்டும்.

4. பெயர்மாற்றம்

வாங்கிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் உங்கள் பெயரில் பதிந்தாக வேண்டும், தாண்டினால் அபராதம். வரிசை இப்படி:

விற்பவர் உரிமையாளர் மாற்றத்தை அறிவிக்கிற என்.சி.ஓ. படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, தன் அடையாள அட்டை நகலோடு பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இதை அவர் "அப்புறம் செய்கிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு விற்றவர் பணம் வாங்கிய பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார், அந்தக் கையெழுத்துக்காக நான் அலைந்தது கொஞ்சமல்ல. பணம் கைமாறுகிற அதே நேரத்தில், அதே மேசையில் என்.சி.ஓ.வில் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே கவுண்டருக்குப் போங்கள். அவருக்கும் அது நல்லது, அதைக் கொடுக்கும் வரை வண்டியின் அபராதங்கள் அவர் தலையில்தான் விழும்.

அடுத்து ரோட்வொர்த்தி சான்றிதழ். தனியார் சோதனை நிலையங்களில் எடுக்கலாம், சில நூறு ரேண்ட் ஆகும். டயர் தேய்மானம், பிரேக், விளக்குகள், எண்ணெய்க் கசிவு, கண்ணாடி விரிசல், சீட் பெல்ட், துரு ஓட்டை எல்லாம் பார்ப்பார்கள். சான்றிதழ் 60 நாட்களுக்குத்தான் செல்லும். உள்வேலை தொடங்குவதற்கு முன், வண்டி காலியாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அலமாரி, கட்டில் எல்லாம் வைத்துக்கொண்டு போனால் கேள்வி மேல் கேள்வி வரும்.

பிறகு நீங்கள் பதிவுக்கும் லைசன்ஸுக்கும் விண்ணப்பிக்கிற ஆர்.எல்.வி. படிவத்தை நிரப்பி, ஆர்.சி.1 அசல், ரோட்வொர்த்தி, அடையாள அட்டை அல்லது டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றோடு கொடுக்க வேண்டும். பழைய லைசன்ஸ் பாக்கி இருந்தால் அதைக் கட்டாமல் காரியம் நடக்காது, அதனால் விலை பேசும் முன்பே டிஸ்க்கின் தேதியைப் பாருங்கள். வருடக் கட்டணம் வண்டியின் வெற்று எடையைப் பொறுத்தது. டிஸ்க் காலாவதியான பிறகு புதுப்பிக்க 21 நாள் சலுகை உண்டு. மாதக் கடைசியில் கவுண்டருக்குப் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

5. எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

காற்றுக்கான சிறு துவாரங்கள் தவிர வண்டியின் உடலை வெட்டுவது, சேசியில் வெல்டிங் செய்வது, பின்னால் பயணிகளுக்கு இருக்கை பொருத்துவது இந்த மூன்றையும் செய்யாதீர்கள். அங்கீகாரம், சோதனை, புதிய காகிதம் என்று செலவு எங்கேயோ போய்விடும். பேனல் வேன் பேனல் வேனாகவே பதிவில் இருக்கட்டும். கட்டிலும் அலமாரியும் போல்ட் போட்டு இறுக்கி, தேவைப்பட்டால் கழற்றி எடுக்கிற மாதிரி செய்யுங்கள். ஓடும்போது பின்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள், பெல்ட் உள்ள முன் இருக்கைகள் மட்டும்தான் பயணத்துக்கு.

வேலை முடிந்ததும் ஒரு எடை மேடையில் தண்ணீர், கேஸ், துணிமணி எல்லாவற்றோடும் நிறுத்தி எடை போட்டுப் பாருங்கள். பலகை எவ்வளவு கனம் ஏற்றும் என்பது அங்கேதான் தெரியும்.

இன்சூரன்ஸ்: இங்கே பெட்ரோல் விலையில் சேர்ந்திருக்கிற வரி மூலம் சாலை விபத்து நிதி காயம், உயிரிழப்புக்கு மட்டும் ஈடு தரும். அடுத்தவர் வண்டி சேதத்துக்கு அது வராது, அதற்கான காப்பீடு கட்டாயமும் இல்லை, பலர் எடுப்பதும் இல்லை. நீங்கள் எடுங்கள், வீடே அதுதானே. உள்ளே என்னென்ன பொருத்தியிருக்கிறீர்கள், இரவில் எங்கே நிற்கிறது, அதில் குடியிருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் எழுத்தில் சொல்லி, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். தெரிந்த ஒருவருக்கு, சோலார் பேனல் போட்டதைச் சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுத்தார்கள்.

6. உள்வேலை: காற்று முதலில்

டர்பனில் குளிர் பிரச்சினையே இல்லை. புழுக்கம்தான் எதிரி. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழையும் ஈரமும் சேர்ந்து, மூடிய வேனில் துணி, மெத்தை, தோல் செருப்பு எல்லாவற்றிலும் பூஞ்சை பூக்கும். அதனால் முதல் செலவு கூரையில் ஒரு காற்றாடித் துவாரம். கீழே இன்னொரு திறப்பு, வலை போட்டது. சூடான காற்று மேலே போக, கீழேயிருந்து புதுக்காற்று வர வேண்டும். வலை மிக முக்கியம், கொசு மட்டும் காரணமில்லை. வடக்கே ஜோசினி, கோசி பே பக்கம் போனால் மலேரியா அபாயப் பகுதி. அப்புறம் குரங்குகள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் நகர்ந்தால் ரொட்டி, வாழைப்பழம் எதுவும் மிஞ்சாது, வலையையும் கிழித்துவிடும். ஆள் இல்லாதபோது கண்ணாடியை ஏற்றுங்கள்.

துருவைச் சுரண்டி, துரு மாற்றி தடவி, பெயின்ட் அடித்த பிறகே மேற்கொண்டு வேலை. கூரையை வெள்ளையாக அடித்தால் உள்ளே வெப்பம் நன்றாகக் குறையும். இன்சுலேஷனுக்குக் கண்ணாடி நார் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை மறுசுழற்சி செய்து இங்கேயே தயாரிக்கிற ஐசோதெர்ம் பஞ்சு நல்லது, அரிக்காது, கையால் வெட்டலாம். தரைக்கு ஐசோபோர்டு என்கிற நுரைப்பலகை, அதன் மேல் ஷட்டர்பிளை என்கிற ஒட்டுப்பலகை, அதன் மேல் வினைல். ஷட்டர்பிளை எந்தக் கட்டுமானக் கடையிலும் கிடைக்கும், மரைன் பிளையின் பாதி விலை. விளிம்புகளுக்கு வார்னிஷ் அடிக்க மறக்காதீர்கள், ஈரம் விளிம்பு வழியாகத்தான் ஏறும்.

கட்டில் சலாகை வைத்ததாக இருக்கட்டும். முழுப் பலகை போட்டால் மெத்தையின் அடியில் வியர்வை தேங்கிக் கறுத்துவிடும்.

7. மின்சாரம்

லோட்ஷெட்டிங் என்கிற முறை வைத்த மின்வெட்டுக் காலம் இந்த நாட்டுக்கு ஒரு நன்மை செய்தது: பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் பேனல் எல்லாம் மூலைக்கு மூலை கிடைக்கிறது, பொருத்தத் தெரிந்தவர்களும் நிறையப் பேர். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நீண்ட காலத்துக்கு நின்றதிலிருந்து, வீட்டில் சும்மா கிடக்கிற பொருட்களைப் பாதி விலைக்கு விற்கிறவர்களும் உண்டு. பழைய ஈயபேட்டரி வாங்காதீர்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி மட்டும், அதுவும் எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று பார்த்து.

தனி ஆளுக்கு 100 ஆம்ப்-அவர் பேட்டரி ஒன்று, கூரையில் 200 வாட் பேனல், பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுகிற மின்சாரத்தைச் சீராக்க எம்.பி.பி.டி. கன்ட்ரோலர், ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற டிசி-டிசி சார்ஜர் போதும். அந்த பேட்டரியில் சுமார் 1,280 வாட்-அவர் நிற்கும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், டர்பன் கோடையில் ஒரு நாளைக்கு அதில் பாதிக்கு மேல் சாப்பிடலாம். விளக்கு, காற்றாடி, போன், லேப்டாப் மீதியில் ஓடும். தொடர்ந்து மழை என்றால் மூன்றாம் நாள் வண்டியை ஓட்டியோ பிளக்கில் செருகியோ சார்ஜ் ஏற்ற வேண்டும்.

நம் சமையலுக்கு ஒரு கேள்வி தனியாக இருக்கிறது: மிக்ஸி. 750 வாட் மிக்ஸி தொடங்கும்போது அதைவிட நிறைய இழுக்கும், 1,500 வாட் இன்வெர்ட்டராவது வேண்டும், பேட்டரியும் அவ்வளவு மின்னோட்டம் கொடுக்க வல்லதாக இருக்க வேண்டும். என் யோசனை, முற்றத்து பிளக்கில் வாரம் ஒரு முறை அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்வது. சின்ன 300 வாட் இன்வெர்ட்டரே போதும், ஆயிரக்கணக்கில் மிச்சம். கோடையில் இட்லி மாவு சீக்கிரமே புளித்துவிடும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது: பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், தடிமன் சரியான வயர். வேனில் தீப்பிடித்தால் வெளியேற உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான்.

8. கேஸும் அடுப்பும்

நிலையாகக் குழாய் போட்டு கேஸ் பொருத்துவதென்றால், பதிவு பெற்ற கேஸ் தொழில்நுட்பர் செய்து சான்றிதழ் தர வேண்டும். நகரும் வண்டிகளுக்கான விதிகள் சான்ஸ் 10087 என்கிற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரத்தின் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன. குறைந்த செலவுக்கு, கேடாக் மாதிரி சிறிய சிலிண்டரின் மேலேயே பொருத்துகிற அடுப்பை வைத்துக்கொண்டு, வெளியே கூடாரத் துணியின் கீழ் சமைப்பதுதான் சிறந்தது. உள்ளே தாளித்தால் கடுகும் மிளகாய் நெடியும் மெத்தையிலும் கூரையிலும் ஏறி மாதக்கணக்கில் போகாது.

சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமான பெட்டியில் கட்டி வையுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் பெட்டியின் அடியில் வண்டிக்கு வெளியே திறக்கும் துவாரம் வேண்டும். ஓட்டும்போது வால்வை மூடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒரு தீயணைப்பானும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அடுப்பை ஒருபோதும் குளிர்காயப் பயன்படுத்தாதீர்கள். ஜூலையில் டிராகன்ஸ்பர்க் மலைப்பக்கம் போனால் அந்த ஆசை வரும். கம்பளி இன்னொன்று எடுத்துப் போங்கள்.

9. தண்ணீரும் கழிப்பறையும்

25 லிட்டர் கேன் இரண்டு, காலால் மிதிக்கிற பம்ப், ஒரு கழுவுதொட்டி. இதற்கு மேல் வேண்டாம். கழிப்பறைக்குக் கையில் எடுத்துச் செல்கிற கெமிக்கல் டாய்லெட்: கேரவன் பார்க்கில் அதைக் கொட்டத் தனி இடம் உண்டு. மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள், அது நேராகக் கடலுக்குப் போகிறது. குளிக்க முற்றத்துக் குளியலறை இல்லையென்றால், ஜிம் உறுப்பினர் அட்டை எடுப்பது கேரவன் பார்க்கைவிட மலிவு.

10. பணமும் காலமும்

நான் பார்த்த விலைகளை வைத்துச் சொல்கிறேன், ஆண்டு போகப் போக மாறும். ஓட்டம் அதிகமான, ஆனால் மறைத்த பழுது இல்லாத பேனல் வேன் 90,000 முதல் 1,60,000 ரேண்ட். மின்சார வேலை மொத்தம் 12,000 முதல் 18,000. ஃபிரிட்ஜ் 8,000க்கு மேல், பயன்படுத்தியது கிடைத்தால் பாதி. பலகை, இன்சுலேஷன், காற்றாடி, மெத்தை எல்லாம் சேர்த்து 12,000 முதல் 15,000. இது போக, வாங்கியவுடன் டைமிங் பெல்ட், டயர், பிரேக், பேட்டரிக்கு 15,000 ஒதுக்கி வைக்காமல் வேன் வாங்கவே கூடாது. வீடும் வண்டியும் ஒன்றாக இருக்கும்போது, வண்டி கராஜில் நின்றால் உங்களுக்குப் படுக்க இடம் இல்லை. அந்த நாட்களுக்கு எங்கே தூங்குவீர்கள் என்றும் யோசித்து வையுங்கள்.

மாதச் செலவில் முற்றத்து வாடகை, இன்சூரன்ஸ், டிராக்கர், டேட்டா, டீசல், கேஸ் வரும். 9 கிலோ சிலிண்டர் நிரப்ப 300 ரேண்டுக்கு மேல் ஆகும், தனி ஆளுக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே வரும். பெட்ரோல், டீசல் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் செவ்வாயன்றே நிரப்புங்கள். கடற்கரையில் ஜொகானஸ்பர்க்கைவிட விலை குறைவு, மலையேறும் முன் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்க நல்ல நேரம் மே முதல் ஆகஸ்ட் வரை. மழை குறைவு, பசையும் பெயின்ட்டும் ஒழுங்காகக் காயும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பட்டறைகள் எல்லாம் மூடிக் கிடக்கும், அப்போது கூரையில் ஓட்டை போட்டுவிட்டு ஆள் தேடாதீர்கள். மார்ச் மாதம் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பருக்கு விண்ணப்பம், ஏப்ரலில் முற்றம் பேசி முடித்தல், மே மாதம் வண்டியும் ரோட்வொர்த்தியும் பெயர்மாற்றமும், ஜூன் ஜூலையில் உள்வேலை என்று வைத்துக்கொண்டால் மழைக்காலத்துக்கு முன் குடிபோகலாம். உள்வேலை முடிந்ததும் பழைய அறையை உடனே காலி செய்யாமல், இரண்டு வாரமாவது வேனில் படுத்துப் பாருங்கள். முதல் மழையில் எங்கே ஒழுகுகிறது என்பது அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும், பிறகு அறையின் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம்.